எந்தப் புத்தகம் வாங்கலாம், சார்?

(சட்ட மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் கூடிய கூட்டத்தில் விழுப்புரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சர்வதேசச் சட்டம் படிக்க முழுமையான பாடநூல் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் மாணவர்கள் வாசலில் நின்று கேட்பதுதான் இது: "சார், இன்டர்நேஷனல் லாவுக்கு எந்தப் புக் வாங்கலாம்?" அந்தக் கேள்விக்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கும்: எதை வாங்காமல் தப்பிக்கலாம்? பாடம் கட்டாயப் பாடம். தேர்வு எழுதியாக வேண்டும். ஆனால் விழுப்புரம் முன்சீப் கோர்ட்டில் நின்று யார் ஐ.நா. சாசனத்தைப் பற்றி வாதாடப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஒரு கைடு போதும் என்று முடிவாகிவிடுகிறது. இந்த நினைப்போடுதான் எனக்குச் சண்டை. புத்தகப் பட்டியல் பிறகு வரட்டும்.

ஒப்பந்தச் சட்டமோ குற்றவியல் சட்டமோ படிக்கும்போது புத்தகத் தேர்வு உயிர்போகிற விஷயமில்லை. கையில் பேர் ஆக்ட் இருக்கிறது. பிரிவைப் படித்துவிட்டால், உரையாசிரியர் தடம் மாறினாலும் பிடித்துவிடலாம். சர்வதேசச் சட்டத்துக்கு அப்படி ஒரு பேர் ஆக்ட் கிடையாது. உலகத்துக்கு நாடாளுமன்றம் இல்லை. ஒப்பந்தங்கள், நாடுகளின் வழக்கம், தீர்ப்புகள் என்று ஆளுக்கொரு மூலையில் கிடப்பதை யாரோ ஒருவர் பொறுக்கிச் சேர்த்து, இதுதான் சட்டம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த யாரோ ஒருவர் பாடநூல் ஆசிரியர்.

இதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்தின் அமைப்பு விதிகளில் 38ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். நீதிபதிகள் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் பல நாடுகளையும் சேர்ந்த மிகத் தகுதி வாய்ந்த அறிஞர்கள் எழுதியதையும் துணையாகக் கொள்ளலாம் என்கிறது. நம் தண்டனைச் சட்டத்தில் எங்காவது உரையாசிரியருக்கு இப்படி ஓர் இடம் உண்டா? இந்தப் பாடத்தில் மட்டும் ஆசிரியர் சட்டத்தை விளக்குகிறவராக நின்றுவிடுவதில்லை. சட்டம் எது என்று காட்டும் சாட்சியாகவும் கூண்டில் ஏறுகிறார்.

உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1898இல் ஸ்பெயினோடு போர் நடந்தபோது, மீன்பிடித்துக் கியூபாவுக்குத் திரும்பிய இரண்டு சிறு படகுகளை அமெரிக்கக் கடற்படை பிடித்துப் போர்ப் பரிசாக ஏலம் விட்டது. ஒரு படகின் பெயர் பாக்கெட்டே ஹபானா. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1900 ஜனவரி 8இல் தீர்ந்தது. போர்க்காலத்திலும் கரையோர மீன்பிடிப் படகுகளைப் பிடிக்கக் கூடாது என்ற வழக்கம் சட்டமாகவே முற்றிவிட்டது என்றார்கள் நீதிபதிகள். அதை எப்படி நிறுவினார்கள்? 1403இல் இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றி போட்ட உத்தரவிலிருந்து தொடங்கி, பல நாட்டுப் பாடநூல் ஆசிரியர்கள் எழுதியதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். ஏலத்தில் வந்த பணம் படகுக்காரர்களுக்குத் திரும்பப் போனது. மரக்காணத்திலிருந்து வந்திருக்கும் தம்பிகள் இந்த வழக்கை விடாமல் படியுங்கள். எழுத்தாளர்கள் என்ன சொன்னார்கள் என்பது மீனவர் கைக்குப் பணமாக வந்து சேர்ந்த இடம் அது.

ஆசிரியர் சாட்சி என்றால், சாட்சியை நாம் என்ன செய்வோம்? குறுக்கு விசாரணை செய்வோம். எந்த ஊர், எந்தப் பக்கம், எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று கேட்போம். புத்தகத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டும். கேள்விகளுக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தை வைத்தே கேட்கலாம்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறுங்கள். வளவனூர் தாண்டினால் மதகடிப்பட்டு, திருபுவனை: புதுச்சேரி யூனியன் பிரதேசம். அடுத்தது கண்டமங்கலம்: மறுபடி தமிழ்நாடு. அரியூர் வந்தால் மறுபடி புதுச்சேரி. கண்டக்டர் டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் எல்லை மூன்று முறை மாறிவிடுகிறது. மதுக்கடை போர்டுகளைப் பார்த்தே எல்லையைச் சொல்லிவிடும் ஆட்கள் நம் ஊரில் உண்டு. 1954 வரை இவை இரண்டு நாடுகளுக்கு நடுவே கிடந்த எல்லைகள். ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் பிரான்ஸ்.

1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூர் என்ற சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கொடியும் ஏறியது. ஆனால் நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28இல்தான் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, ஏற்புப் பத்திரங்கள் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16இல். நடுவில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளும் புதுச்சேரி யாருடையது?

நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பஸ் பெர்மிட் தகராறு ஒன்று இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை இழுத்துப்போனது. மஸ்தான் சாகிப் எதிர் புதுச்சேரித் தலைமை ஆணையர் என்ற வழக்கு. 1961 டிசம்பர் 8இல் தீர்ப்பு. நீதிபதிகள் மத்திய அரசையே கேட்டார்கள்: புதுச்சேரி இந்திய நிலப்பரப்பில் சேர்ந்ததா? அரசு என்ன பதில் சொன்னது தெரியுமா? நிர்வாகம் எங்களிடம் இருக்கிறது, ஆனால் ஒப்பந்தம் இன்னும் ஏற்கப்படாததால் அது இந்திய நிலப்பரப்பு ஆகவில்லை என்றது. அரசே அப்படிச் சொன்ன பிறகு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு தலையிடாமல் ஒதுங்கியது. போலீஸ் இந்தியாவுடையது, தபால் இந்தியாவுடையது, பெர்மிட் கொடுப்பதும் இந்திய அதிகாரி. ஆனால் அரசியல் சட்டத்தின் பார்வையில் அந்த நிலம் வெளியே நிற்கிறது.

இப்போது கடையில் நின்று ஒரு சர்வதேசச் சட்டப் புத்தகத்தை எடுங்கள். நிலப்பரப்பைப் பெறும் வழிகள் என்ற அத்தியாயத்தைத் திறந்து, விட்டுக்கொடுத்தல் என்ற தலைப்பைப் பாருங்கள். கைடு என்றால் இரண்டு வரி இருக்கும்: ஒப்பந்தம் மூலம் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நிலத்தைக் கொடுப்பது, உதாரணம், 1867இல் ரஷ்யா அமெரிக்காவுக்கு விற்ற அலாஸ்கா. முடிந்தது. அலாஸ்கா தப்பில்லை. ஆனால் அந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்தவருக்கு மஸ்தான் சாகிப் வழக்கைக் கொடுத்தால் எதையும் செய்ய முடியாது.

முழுமையான புத்தகம் உங்களை அங்கே விடாது. கையெழுத்துக்கும் ஏற்புக்கும் உள்ள இடைவெளி பற்றி ஒப்பந்தச் சட்ட அத்தியாயத்துக்கு அனுப்பும். அங்கே 1969 வியன்னா உடன்படிக்கை வரும். கையெழுத்திட்ட நாடு, ஏற்புக்கு முன்னும் அந்த ஒப்பந்தத்தின் நோக்கத்தைக் கெடுக்கும்படி நடக்கக் கூடாது என்ற 18ஆம் விதி வரும். வியன்னா உடன்படிக்கையில் இந்தியா உறுப்பினர் இல்லையே, அப்படியிருக்க அது நம்மை எப்படிக் கட்டும் என்ற கேள்வி உடனே எழும். எழுதப்பட்ட விதி, வழக்கமாக இருப்பதாலும் கட்டலாம் என்ற விளக்கத்துக்கு இன்னோர் அத்தியாயத்துக்குப் போவீர்கள். அங்கிருந்து உள்நாட்டு நீதிமன்றம் அரசின் சொல்லை எவ்வளவு தூரம் ஏற்க வேண்டும் என்ற அத்தியாயத்துக்கு. ஒரு பஸ் பெர்மிட், நான்கு அத்தியாயங்கள். பக்க எண்ணிக்கையில் முழுமை இல்லை. ஓர் அத்தியாயத்திலிருந்து இன்னோர் அத்தியாயத்துக்குப் போக வழி வைத்திருப்பதில்தான் இருக்கிறது. 1,200 பக்கம் இருந்தும் வழியே இல்லாத புத்தகங்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

அந்த 1956 ஒப்பந்தத்தில் குடியுரிமை பற்றிய பகுதி தனி விருந்து. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆறு மாதத்தில் யார் எழுதிக் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதை வைத்து அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களை 'சொல்தா வீடு' என்று புதுச்சேரியில் இன்றும் சொல்வார்கள். 1881 ஆணையின் கீழ் இந்து தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களும் உண்டு. விழுப்புரத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் நண்பர்களே, கட்சிக்காரரின் தாத்தா எந்தச் சட்டத்தின் கீழ் செத்தார் என்று என்றைக்காவது ஒரு நாள் நீங்கள் கேட்க வேண்டிவரும். முன்சீப் கோர்ட்டில் சர்வதேசச் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

புதுச்சேரி சுமுகமாக வந்தது. போர்த்துகல் அப்படி விடவில்லை. இங்கேதான் ஆசிரியரின் நிறம் தெரியும். தாத்ரா, நகர் ஹவேலி ஆகியவை நம் மதகடிப்பட்டு போல இந்திய நிலத்துக்குள் புதைந்து கிடந்த போர்த்துகீசியத் துண்டுகள். அங்கே போக வழி விடவில்லை என்று போர்த்துகல் 1955இல் இந்தியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1960 ஏப்ரல் 12இல் தீர்ப்பு. இரண்டே நாடுகளுக்கு இடையிலும் ஒரு வழக்கம் சட்டமாகலாம். தனியாட்களும் சாதாரண அதிகாரிகளும் சரக்கும் போக உரிமை இருந்தது. படைக்கும் ஆயுதத்துக்கும் இல்லை. இந்தியா கடமை தவறவில்லை. வழக்கம் பற்றி எழுதும் எந்தப் பெரிய நூலும் இதைத் தாண்டிப் போகாது.

கோவா வேறு கதை. மஸ்தான் சாகிப் தீர்ப்பு வந்த பத்தே நாளில், டிசம்பர் 18ஆம் தேதி, கோவாவுக்குள் நுழைந்த படைகளை இந்தியா விலக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் தீர்மானம் வந்தது. ஆதரவு 7, எதிர்ப்பு 4. எதிர்த்த நால்வரில் இலங்கையும் ஒன்று. சோவியத் யூனியனின் வீட்டோவால் தீர்மானம் விழுந்தது. அதைக் கொண்டுவந்த நாடுகளில் பிரான்சும் ஒன்று. அப்போது நம் புதுச்சேரி ஒப்பந்தம் அவர்கள் மேசையில் ஏற்புக்காகக் காத்துக் கிடந்தது! காலனி என்பதே தொடர்ந்து நடக்கும் ஆக்கிரமிப்பு, அதை முடிப்பது ஆக்கிரமிப்பு ஆகாது என்பது இந்தியாவின் வாதம். படைபலத்தால் நிலம் பெறக் கூடாது என்ற சாசன விதி எல்லாருக்கும் பொது என்பது எதிர்வாதம். ஒரு புத்தகம் இரண்டாவதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், ஆசிரியர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். முதலாவதை மட்டும் முழங்கிவிட்டு இரண்டாவதை விழுங்கினால் அதுவும் எனக்குச் சம்மதமில்லை. நம் ஆட்கள் எழுதிய சில நூல்களில் இந்தக் குறை உண்டு. தேசப்பற்றுக்கு மார்க் போடுகிற பாடமில்லை இது. இரண்டையும் நேர்மையாக வைத்து, 1974 டிசம்பர் 31இல் போர்த்துகலே இந்தியாவின் இறைமையை ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் போட்டது வரை கொண்டுபோகிற புத்தகத்தை நம்பி வாங்கலாம்.

இனி வரலாற்று அத்தியாயம். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பாடநூல்கள் பலவற்றில் முதல் பக்கம் அர்த்தசாஸ்திரம், மனு, தூது, தர்மயுத்தம் என்று தொடங்கும். தமிழர் மேடை என்றால் குறளின் தூது அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். சேர்க்கட்டும். அடுத்த பக்கம் புரட்டினால் 1625, குரோஷியஸ், ஹாலந்து! நடுவில் ஆயிரத்து சொச்சம் ஆண்டு இந்தியப் பெருங்கடலில் கப்பலே ஓடவில்லையா? மரக்காணத்தில் யாரும் இறங்கவில்லையா? மேற்கத்திய நூல்கள் முதல் பக்கத்தையும் விட்டுவிட்டு நேராக இரண்டாம் பக்கத்தில் தொடங்கும்.

செஞ்சிக் கோட்டைக்கு எல்லாரும் போயிருப்பீர்கள். 1690இல் கடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. விற்றவர்கள் செஞ்சியில் இருந்த மராட்டியர். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை. சென்னையிலிருந்து பீரங்கி கொண்டுவந்து சுட்டே அளந்தார்கள். அந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிங்கர்ஷூக் என்ற டச்சு அறிஞர், கரையிலிருந்து பீரங்கி எட்டும் தூரம் வரை கடல் கரை நாட்டுக்குச் சொந்தம் என்று எழுதினார். எல்லாப் பாடநூலிலும் இருக்கும் பீரங்கிக் குண்டு விதி அது. இரண்டுக்கும் நேர்த் தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செஞ்சியில் உட்கார்ந்திருந்தவரோடு கம்பெனி பேரம் பேசி, விலை கொடுத்து, பத்திரம் வாங்கியதே, அதைச் சட்ட வரலாறு என்று நம் புத்தகம் ஏன் சொல்லவில்லை?

சொன்ன ஒருவர் இருக்கிறார். சார்லஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச். போலந்துக்காரர். 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டத்துக்கும் அரசியலமைப்புச் சட்டத்துக்கும் துறை அமைத்து நடத்தியவர். 1952 முதல் சென்னையிலிருந்து சர்வதேச விவகாரங்களுக்கென ஆண்டு மலர் ஒன்று வந்தது. அதன் பின்னால் இருந்தவர் அவர். கீழை நாடுகளில் சர்வதேசச் சட்டத்தின் வரலாறு பற்றி அவர் எழுதிய நூல் 1967இல் வெளியானது. பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டு வரை ஐரோப்பியர்கள் ஆசிய அரசர்களோடு சமமானவர்களாகவே ஒப்பந்தம் போட்டார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பா கதவைச் சாத்திக்கொண்டு நாகரிக நாடுகளின் சட்டம் என்று பலகை மாட்டியது என்பது அவர் வாதம். குரோஷியஸே 1609இல் கடல் எல்லாருக்கும் பொது என்று எழுதியபோது, ஜாவாவுக்கும் இலங்கைக்கும் சொந்த அரசர்கள் உண்டு, போர்த்துகல் அங்கே உரிமை கொண்டாட முடியாது என்றுதான் வாதாடினார். இத்தனையும் சேப்பாக்கத்தில் உட்கார்ந்து ஆராயப்பட்டது. நாம் அலாஸ்காவை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு ஆர்.பி. ஆனந்த், பி.எஸ். சிம்னி, இலங்கையில் பிறந்த ஆன்டனி ஆங்கி எல்லாரும் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறார்கள். ஆங்கியின் 2005 நூல், இறைமை என்ற கருத்தே காலனி ஆதிக்கத்தின் நடுவில் உருவானது என்கிறது. இவை பாடநூல்கள் அல்ல. இவற்றைப் படித்துத் தேர்வு எழுத முடியாது. ஆனால் நீங்கள் வாங்கும் பாடநூலில் இவர்கள் பெயராவது அடிக்குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் அத்தியாயத்துக்குக் கழுவேலியை வைத்துக் கேளுங்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் தெற்கே விரியும் அந்த நீர்நிலை 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. இரான் நாட்டு ராம்சார் நகரில் 1971இல் கையெழுத்தான ஒப்பந்தம் நம் ஊர் சேற்றில் எப்படிக் கால் வைக்கிறது? இந்தியா அதில் 1982இல் சேர்ந்தது. 2017 சதுப்புநில விதிகள் வழியாக அது உள்நாட்டுச் சட்டமாகிறது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டம் என்றது. சர்வதேச வழக்கச் சட்டத்தை அப்படியே உள்ளே கொண்டுவந்த தீர்ப்பு அது. இந்திய ஆசிரியர்கள் இதில் பலம். இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே இந்தியப் பாடநூல் ஒன்று மேசையில் இருக்க வேண்டும்.

அகதிகள் அத்தியாயத்துக்குக் கீழ்புத்துப்பட்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம் உங்களுக்குத் தெரியும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அப்படியானால் அங்கே இருப்பவர்களுக்கு எந்தச் சட்டம்? 1946 வெளிநாட்டவர் சட்டம் இருந்தது. 2025இல் புதிய குடிவரவுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு அளித்து அரசு உத்தரவு போட்டது. தண்டனை இல்லை, ஆனால் உரிமை? ஆபத்து இருக்கும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதி, கையெழுத்திடாத நாட்டையும் வழக்கமாகக் கட்டுமா? ஒரு புத்தகம் 1951 உடன்படிக்கையின் விதிகளை வரிசையாக எழுதிவிட்டு, கையெழுத்திடாத நாடு பற்றி ஒரு பத்தியும் எழுதவில்லை என்றால், அது நம் ஊருக்கான புத்தகமில்லை. அடைக்கலம் தேடி வந்த ஏராளமானவர்கள் வாழ்வது இப்படிக் கையெழுத்திடாத நாடுகளில்தான்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். பேனா எடுத்துவிட்டீர்கள், பார்க்கிறேன்.

நூலகத்தில் நிச்சயம் ஸ்டார்க் இருக்கும். 1947இல் முதல் பதிப்பு. 1994இல் ஷியரர் திருத்திய பதினொன்றாம் பதிப்பு. ஆங்கிலம் எளிது, பத்திகள் சின்னவை. தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்தவர்கள் தொடங்க நல்ல புத்தகம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து படிக்க வேண்டும். கடல் சட்ட உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1994 நவம்பர். உலக வர்த்தக அமைப்பு 1995. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் ஒப்பந்தம் 1998. இவை ஸ்டார்க்குக்குப் பின்னால் வந்தவை. மூலங்கள், அங்கீகாரம், நாடுகளின் வாரிசுரிமை எல்லாம் ஸ்டார்க்கில் படியுங்கள். கடலுக்குப் போகும்போது அதை மூடி வையுங்கள்.

கபூர், அகர்வால், இரண்டும் மாணவர்கள் நம்பி வாங்குபவை. வினாத்தாளின் மொழியைப் பேசும் புத்தகங்கள். குருதீப் சிங், அஹூஜா நூல்கள் அவற்றைவிடக் கச்சிதம். தேர்வுக்கு இவற்றில் ஒன்று போதும். இரண்டு வாங்கினால் ஒரே செய்தியை இரண்டு முறை படிப்பீர்கள்.

பெரிய நூல் என்றால் போட்டி இரண்டுக்குத்தான். பிரவுன்லி, 1966இல் தொடங்கியது. அவர் 2010இல் இறந்த பிறகு எட்டாம், ஒன்பதாம் பதிப்புகளை ஜேம்ஸ் கிராஃபோர்ட் கொண்டுவந்தார். கிராஃபோர்ட் சர்வதேச நீதிமன்ற நீதிபதியாக இருக்கும்போதே 2021இல் மறைந்தார். ஒவ்வொரு வாக்கியமும் எடை பார்த்து வைத்தது. வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்ட அதைவிட நல்ல நூல் இல்லை. ஆனால் முதல் முறை படிப்பவருக்கு மூச்சு முட்டும். மால்கம் ஷா 1977இல் முதல் பதிப்பு, 2021இல் ஒன்பதாவது. ஆயிரம் பக்கம் தாண்டும். ஆனால் கை பிடித்து அழைத்துப் போகிறவர். நான் முன்னே சொன்ன அந்த வழி வைக்கும் வேலையை நிதானமாகச் செய்கிறவர். ஒரே ஒரு பெரிய புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு ஷாவுக்கு. ஆசிய வரலாற்றை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

எந்தப் புத்தகமானாலும் பதிப்பைப் பாருங்கள். அட்டையில் புதிய ஆண்டு அச்சாகியிருக்கும்; உள்ளே பழைய சரக்கு இருக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: 2012இல் கேரளக் கடலில் இத்தாலியக் கடற்படை வீரர்கள் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்ற என்ரிகா லெக்ஸி வழக்கு. இறந்தவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 2020இல் நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியாவில் விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தர வேண்டும். 2021இல் 10 கோடி ரூபாய் வந்த பிறகு உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. இந்த வழக்கு நிலுவையில் உள்ளது என்று எழுதியிருக்கும் புத்தகத்தை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

விலை பற்றிக் கேட்பீர்கள். பெரிய நூல்களுக்கு இந்தியப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சென்னைக்கு ரயில் ஏறினால், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே பாரிமுனைத் தெருக்களில் முந்தைய பதிப்புகள் பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரு பதிப்பு பழையதானாலும் ஷா ஷாதான். ஜெராக்ஸ் கடையைப் பற்றிச் சிரிக்கிறீர்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை ஒன்றின் மேல் போட்ட வழக்கில், பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆயிரம் பக்கத்தையும் அட்டையோடு நகலெடுக்கக் கொடுத்த லைசென்ஸ் அல்ல அது. நான்கு பேர் சேர்ந்து ஒரு ஷா வாங்குங்கள்.

தீர்ப்புகளுக்குக் காசு வேண்டாம். சர்வதேச நீதிமன்றமே தன் தீர்ப்புகளையும் சுருக்கங்களையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஐ.நா.வின் ஒளி-ஒலி நூலகத்தில் பெரிய பேராசிரியர்களின் விரிவுரைகள் கிடக்கின்றன. ஆங்கிலம் சிரமமாக இருந்தால் இரண்டு பக்கம் படித்துவிட்டு, மூடி வைத்து, விஷயத்தைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள், திரும்பப் படியுங்கள்.

கல்லூரி நூலகத்துக்கு என்ன வாங்கலாம் என்று அழைப்பு அனுப்பியவர் தனியாகக் கேட்டிருந்தார். ஷா இரண்டு பிரதி, கிராஃபோர்ட் திருத்திய பிரவுன்லி ஒன்று, அலெக்ஸாண்ட்ரோவிச் ஒன்று, இந்திய நூல்களில் எதுவானாலும் கடைசிப் பதிப்பு. இவற்றோடு, 1956 மே 28 ஒப்பந்தத்தை அச்செடுத்து, மஸ்தான் சாகிப் தீர்ப்பையும் சேர்த்து பைண்ட் செய்து வையுங்கள். செமஸ்டரின் முதல் வகுப்பைக் குடியுரிமை பற்றிய விதிகளிலிருந்து தொடங்கலாம். புதுச்சேரியில் சொந்தக்காரர் இருக்கும் மாணவர் நான்கு பேராவது எந்த வகுப்பிலும் இருப்பார்கள், அவர்களைப் பேச விடுங்கள்.